தலைமேல் வைத்து வாங்கும்படி ஒரு தாள் எழுதுவது எப்படி?

ஆந்திரத்து ஏர்பேட்டுக்காரர்கள் இந்தக் கலையில் கொடுத்து வைத்தவர்கள். ஒரு பக்கம் திருப்பதி, மறுபக்கம் காளத்தி, மண்டலத்துக்கு உள்ளேயே குடிமல்லம், தெற்கே கொஞ்சம் இறங்கினால் திருவாலங்காடு. கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் காகிதத்திலும் எழுதியே மனிதனை மனிதன் பணிய வைத்த சரித்திரம் பஸ் போகும் தூரத்தில் கிடக்கிறது. மாதிரிக்குப் பஞ்சமே இல்லை.

நீங்கள் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். அடுக்குமாடி வீட்டு லிஃப்ட் கதவில் நோட்டீஸ் ஒட்டும் செயலாளராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் பாதி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ‘மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வராது’ என்று முடிகிற சங்கதியை ‘இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்’ என்று ஆரம்பித்தவர்தானே? அஸ்திவாரம் பலமாக இருக்கிறது. மேலே கட்டுவோம்.

1. விஷயத்துக்கு வராதீர்கள்

ராஜேந்திர சோழன் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்தான். சங்கதி இவ்வளவுதான். இதற்கு 31 செப்பேடுகள், அவற்றைக் கோக்க ஒரு வளையம், வளையத்தின் மேல் புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரை. பிரித்தால் முதலில் வருவது சமஸ்கிருதம். சூரியனில் தொடங்கி சோழ வம்சம் ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி வருகிறது. யார் யாரை எந்தக் களத்தில் ஓட ஓட விரட்டினார்கள் என்று விஸ்தாரமாகச் சொல்கிறது. பழையனூர்க் குடியானவனுக்குத் தெரிய வேண்டியது, இனி வரியை யாரிடம் கட்டுவது என்பது. அதற்கு அவன் சூரியனிலிருந்து நடந்து வரவேண்டும்.

நடக்க வையுங்கள். ‘பொருள்’ என்று ஒரு வரி போட்டு, ‘பார்வை’ என்று ஏழு வரி போடுங்கள். பார்வையில் காணும் ஏழு கடிதங்களில் ஆறாவது மட்டும் கிடைக்காததாக இருக்கட்டும்.

2. எழுதியவர் நீங்கள் என்று காட்டிக்கொள்ளாதீர்கள்

சோழ அரசாங்கத்தில் ராஜா எதையும் எழுதமாட்டார். அவர் வாயால் சொல்வார். அதைக் கேட்டவர் திருவாய்க்கேள்வி. எழுதியவர் திருமந்திர ஓலை. சரி என்று ஒப்பமிட்டவர் திருமந்திர ஓலைநாயகம். அப்புறம் விடையில் அதிகாரி, புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று ஆள் மாற்றி ஆள் கை மாறி, கடைசியில் நாட்டாரிடம் ஓலை வந்து சேரும். அவர்கள் எதிர்கொண்டு போய், தொழுது வாங்கி, தலைமேல் வைத்துக்கொள்வார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கேட்டவரிடமா, எழுதியவரிடமா, பட்டோலையிடமா?

விஜயநகரத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். செப்பேட்டின் அடியில் ராஜா தன் பெயரைப் போடவில்லை; ‘ஸ்ரீ விரூபாக்ஷ’ என்று கன்னட எழுத்தில் சுவாமி பெயரைப் போட்டார்கள். மேல்முறையீடு எங்கே செய்வீர்கள்?

நமக்கு வாகான மாதிரி திருமலையில் இருக்கிறது. அங்கே சுவர் சுவராகத் தமிழில் கல்வெட்டு. நூற்றுக்கணக்கான சாசனங்களின் கடைசி வரியைப் பாருங்கள்: ஸ்ரீவைஷ்ணவர்கள் பணித்தபடி கோயில் கணக்கு திருநின்ற ஊருடையான் எழுதினது என்று முடியும். ராஜாக்கள் மாறினார்கள், வம்சங்கள் மாறின, கொடை கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். திருநின்ற ஊருடையான் மாறவில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் அதே பெயரில் வந்து உட்கார்ந்து, பிறர் சொன்னதைத்தான் எழுதுகிறேன் என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். அதிகாரத்தில் நிலைக்க ஆசையா? உத்தரவு போடும் நாற்காலியை விட்டுவிட்டு, உத்தரவை எழுதும் நாற்காலியைப் பிடியுங்கள். ‘மேலிட உத்தரவு, என் கையில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லப் பழகுங்கள். சொல்லும்போது பேனாவை மூடி சட்டைப் பையில் சொருகுங்கள்.

3. கையெழுத்தைப் பாழாக்குங்கள்

பள்ளிக்கூடத்தில் நான்கு கோடு நோட்டில் எழுதிப் பழகியதை மறக்கச் சில வருஷம் ஆகும். பொறுமை தேவை.

இது நம் ஊர் வித்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் நீதிமன்ற எழுத்தர்கள் தங்களுக்கென்றே ஒரு கோணல் எழுத்து வைத்திருந்தார்கள். வழக்குப் போட்டவனுக்கு அது புரியாது. தொல்லை பொறுக்காமல் பார்லிமென்ட் 1731இல் ஒரு சட்டம் போட்டு, 1733 முதல் எல்லாரும் வாசிக்கிற கையெழுத்தில் இங்கிலீஷில் எழுதுங்கள் என்று கட்டளையிட வேண்டி வந்தது. ரோமாபுரியில் போப்பாண்டவரின் ஆணைகளுக்கு ஒரு தனிக் கையெழுத்து இருந்தது. அது எந்த அளவுக்கு விளங்காது என்றால், ஆணையோடு கூடவே வாசிக்கும்படியான ஒரு நகலையும் வைத்து அனுப்புவார்கள். நகலை வாசி, அசலைக் கும்பிடு. பதின்மூன்றாம் லியோ 1878இல் வந்து அந்த எழுத்தை நிறுத்தினார். நல்ல கலைகளுக்கு இப்படித்தான் சத்துருக்கள் முளைப்பார்கள்.

நம் பக்கத்து உதாரணம் தஞ்சாவூர். மராட்டிய மன்னர்களின் ஆபீஸ் கணக்கு மோடி எழுத்தில் ஓடியது. முதலில் தாளின் குறுக்கே ஒரு கோடு. பிறகு பேனாவைத் தூக்காமல் எழுத்துகளை அந்தக் கோட்டிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டே போவது. சரஸ்வதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மோடிக் கட்டுகள் மூட்டையாக இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு ராஜ்யத்தின் வரவு செலவு அந்த விரல்களின் தயவில் கிடக்கிறது. உங்கள் இலக்கும் அதுதான். உங்கள் குறிப்பை உங்கள் பக்கத்து மேஜைக்காரர் மட்டும் வாசிக்க முடிய வேண்டும். அவர் லீவில் இருக்க வேண்டும்.

4. தேதியைத் தெளிவாகப் போட்டுக் குழப்புங்கள்

தேதி போடாத தாள் பலவீனமானது. ஒரே தேதி போட்ட தாள் அதைவிடப் பலவீனமானது. சித்தூர் மாவட்டம் பிறந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1911 ஏப்ரல் 1. ரெவின்யூ கணக்கில் அது பசலி 1320. பசலி வருஷம் ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும். ஆகவே ஆங்கில வருஷத்திலிருந்து ஆறு மாதம் 590ஐக் கழிக்க வேண்டும், ஆறு மாதம் 591ஐ. இதோடு விடாதீர்கள். அந்த நாள் உகாதிக்கும் சித்திரைப் பிறப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நாள். தெலுங்கருக்கு விரோதிகிருது பிறந்துவிட்டது. தமிழருக்கு இன்னும் சாதாரண வருஷம். இரண்டு மொழியும் புழங்குகிற ஊரில் இது ஒரு வரப்பிரசாதம். ஒரே நாளில் இரண்டு வருஷம் நடக்கும்போது உங்களிடம் ‘போன வருஷமே மனு கொடுத்தேன்’ என்று எவன் சாதிக்க முடியும்?

5. ௸

இந்த ஒரு சுழிப்பைக் கற்றுக்கொண்டால் போதும், பாதி ஆயுள் ஓடிவிடும். பழைய பத்திரங்களில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹ என்று குறிகள் உண்டு. எல்லாம் வேலைக்காரர்கள். எஜமான் ௸தான், மேற்படி.

எப்படி எழுதுவது என்று கேளுங்கள். ‘௸ ஊரில் இருக்கும் ௸யார் குமாரர் ௸யார், ௸ ஊரில் இருக்கும் ௸யாருக்கு எழுதிக்கொடுத்தது, ௸ நிலத்தை ௸ தொகைக்கு ௸ தேதியில்.’ கவனியுங்கள், பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் மேலே சொல்லியாகிவிட்டது. மேலே என்றால் முந்தின பக்கம். முந்தின பக்கத்தைச் செல்லரித்துவிட்டது. செல்லுக்கு நீங்கள் பொறுப்பல்ல.

6. அளவில் கறாராக இருங்கள்

நிலத்தை எங்கே என்று சொல்லாதீர்கள், எவ்வளவு என்று மட்டும் துல்லியமாகச் சொல்லுங்கள். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பிளந்தால் கீழ்முந்திரி. ராஜராஜன் நிலம் அளந்தபோது ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அரைச் சதுர மில்லிமீட்டர் வருகிறது. எறும்பு கால் ஊன்றக் காணாத இடத்துக்கும் கணக்கு வைத்த சர்க்கார், உன் அரை ஏக்கரில் மட்டும் தவறு செய்யுமா என்று மனுதாரரைக் கேளுங்கள். அவர் தலையைச் சொறிவார். அந்த நேரத்தில் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

7. எல்லையை மரத்தில் கட்டுங்கள்

சோழர் காலத்தில் தானம் கொடுத்த ஊருக்கு எல்லை காட்ட, ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். யானையை ஊரே பார்க்கும். அதனால் தகராறு குறையும். அந்த வழக்கம் நின்றதில் உங்களுக்கு லாபம். நீங்கள் நாற்பாங்கு எல்லை எழுதும்போது கிழக்கே ஒரு புளியமரம், தெற்கே ஓர் ஓடை, மேற்கே ‘இன்னார் புஞ்சை’, வடக்கே ‘பாக்கி நிலம்’ என்று எழுதுங்கள். புளியமரத்தை வெட்டுவார்கள். ஓடையில் வீடு கட்டுவார்கள். இன்னார் சாவார். பாக்கி நிலம் எதனுடைய பாக்கி என்பது சிவில் கோர்ட்டுக்கு.

கல் நடுவதானால் அதில் எல்லையைவிட நட்டவர் பெரிதாகத் தெரியும்படி பாருங்கள். ஆந்திரத்தில் 2020 டிசம்பரில் தொடங்கிய மறு அளவையில் நட்ட கற்களில் அப்போதைய முதலமைச்சர் ஜகன் பெயர் இருந்தது. பாஸ் புத்தகத்தில் படம் இருந்தது. 2024இல் ஆட்சி மாறியதும் அதையெல்லாம் நீக்கி ராஜமுத்திரை போட்ட புத்தகம் தரப் போகிறோம் என்றார்கள். வரப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. விவசாயிக்கு மட்டும் மறுபடியும் ஒரு நடை.

8. சாபம் போடுங்கள்

முன்னோர்கள் சுத்தமாக முடிப்பார்கள். இந்தத் தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல். கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். போலீஸ் செலவு கிடையாது. இன்று பசுவுக்குப் பதில் சட்டப்பிரிவு எண்ணைப் போடுங்கள். எந்தச் சட்டம் என்று எழுத வேண்டாம், எண் போதும்.

9. கேள்வி உங்களுடையது, பதில் அவர்களுடையது

கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் திருமலைக் கோயில் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபோது அவர்களுக்கு உள் விவகாரம் எதுவும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டார்களா? கேள்வி எழுதி அனுப்பினார்கள். இந்தப் பழக்கத்தில் விளைந்ததுதான் சவால்-ஜவாப் பட்டி: சர்க்கார் கேட்கும், கோயிலார் பதில் சொல்வார்கள். நூற்றாண்டுகளாக வாய்மொழியில் நடந்த மரியாதைகளும் பங்குகளும் பதிலாகத் தாளில் ஏறின. 1821இல் கம்பெனி அதிகாரி புரூஸ் துரையின் விதித்தொகுப்பு வந்தது. 1843இல் ஹாத்தீராம்ஜி மடத்து மகந்தை நோக்கி ஒரு சன்னது எழுதி நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி விலகியது. கோயில் பழையதுதான்; அதன் வழக்கத்துக்குச் சாட்சி மட்டும் கம்பெனிக் காகிதம் என்றாயிற்று.

எனவே உங்களுக்கு ஒன்றும் தெரியாதபோதுதான் படிவம் தயாரிக்க வேண்டும். கட்டங்களைச் சிறியதாகப் போடுங்கள். அப்பா பெயர் எழுத மூன்று எழுத்துக்கு இடம் விடுங்கள்.

10. மையும் முத்திரையும்

பச்சை மை எல்லாருக்கும் கிடைக்காது. கிடைத்தால் சிக்கனம் வேண்டாம். கையெழுத்து என்று பெயரே தவிர, அதில் எழுத்து ஒன்றும் தட்டுப்படக் கூடாது. ரப்பர் ஸ்டாம்பை எங்கே குத்துவது என்பதில் பலர் இன்னும் தடுமாறுகிறார்கள். சர்வே நம்பரின் மேல் குத்துங்கள். ஊதா வட்டத்துக்குள் 8ஆ 3ஆ என்று ஒரு குடும்பமே வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கட்டும்.

11. கணக்கை வீட்டில் வையுங்கள்

கர்ணம் காலத்தில் ஊர்க்கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. நஞ்சை, புஞ்சை, அடங்கல், எவன் எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் என்பது வரை. பெட்டியைத் திறக்க அவருக்கு நேரம் வர வேண்டும். நேரம் வர உங்களுக்குப் பூசணிக்காய் காய்க்க வேண்டும். மகன் படித்தது அப்பாவின் கையெழுத்தை வாசிக்க. அதற்குமேல் ஒரு படிப்பு அந்தக் காலத்தில் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1980இலும் ஆந்திரத்தில் என்.டி.ராமாராவ் 1984இலும் பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரையில் எத்தனையோ ராஜாக்களாக வந்தவர்கள் இருவரும். ராஜாவுக்கு ஆகாதவன் கணக்கன்தான் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆள் போனார். அவர் எழுதிய கணக்கை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்?

12. அசல் கிடைக்காதபடி செய்யுங்கள்

சென்னைப் பட்டணம் ஒரு தாளில் பிறந்தது. காளத்தி ஜமீன் வம்சத்தின் முன்னோரான தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் 1639இல் பிரான்சிஸ் டேக்குக் கொடுத்த கவுல் அது. அவருக்கு மேலே இருந்த விஜயநகர ராஜா ஸ்ரீரங்கராயரிடம் 1645இல் கம்பெனி இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டது. ஒரு தாளை நம்புகிறவன் வியாபாரி இல்லை. ராஜ சாசனம் தங்கத் தகட்டில் இருந்ததாகவும், 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தபோது அது தொலைந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. தொலைந்ததால் என்ன குடிமுழுகிப் போயிற்று? தொலைந்த சாசனத்தை யாரும் எடுத்துத் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. இருக்கிற தாள் வெறும் காகிதம். இல்லாத தாள் தங்கம்.

எரிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 2024 ஜூலையில் மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகத்தில் ஒரு ராத்திரி தீப்பிடித்து நிலக் கோப்புகள் எரிந்தன. அடுத்த நாளே ஹெலிகாப்டரில் போலீஸ் மேலதிகாரி வந்து இறங்கினார். கோப்புக்கு அவ்வளவு மரியாதை எரிந்த பிறகுதான் கிடைக்கும் என்றாலும், அது ஆரம்ப நிலை மாணவர்களுக்கானதல்ல. நீங்கள் ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று சொன்னால் போதும்.

13. எழுதாதீர்கள்

இதுவரை வந்தவர்கள் தேறிவிட்டீர்கள். இனி உச்சம்.

வெள்ளைக்காரர் காலத்தில் நிலத்தை அளந்து, தீர்வை போட்டு, ரீசெட்டில்மென்ட் பதிவேடு எழுதினார்கள். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எதிரே பட்டாதாரர் பெயருக்கு ஒரு கலம். பெயர் தெரிந்தால் பெயர். சர்க்கார் நிலமானால் சர்க்கார். தெரியாவிட்டால், அல்லது விசாரிக்க வெயில் அதிகமாக இருந்தால், எழுத்தர் பேனாவை மையில் தொட்டு அங்கே சில புள்ளிகள் வைத்தார். அவ்வளவுதான். ராஜேந்திரனுக்கு 31 செப்பேடு தேவைப்பட்டது. இவருக்கு ஒரு சொட்டு மை.

தெலுங்கில் அதற்குச் சுக்கல பூமுலு, புள்ளி நிலங்கள் என்றே பெயர். உழுதவன் உழுதான், மகனுக்குக் கொடுத்தான், பேரன் விற்றான், வாங்கினவன் கிணறு வெட்டினான். நூறு வருஷம் புள்ளி வாயைத் திறக்கவில்லை. 2016இல் இவற்றைப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின் தடைப்பட்டியலில் சேர்த்ததும், பத்திர ஆபீஸில் கதவு மூடிக்கொண்டது. விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. பெண் கல்யாணத்துக்கு நிலத்தை நம்பியிருந்தவர் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் புள்ளிகளை நீக்கவே 2017இல் ஆந்திர சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்றி, மாவட்டத்துக்கு ஒரு குழு வைக்க வேண்டியிருந்தது. பிறகு 2023 மே மாதம் நெல்லூர் மாவட்டம் காவலியில் விழா எடுத்து, 97 ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் 2 லட்சத்து 6 ஆயிரம் ஏக்கரைத் தடைப்பட்டியலிலிருந்து விடுவித்ததாக அறிவித்தார்கள். பேனாவை மையில் தொட்டு எடுத்த அந்த எழுத்தரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அவர் கையெழுத்தை அழிக்கச் சட்டமன்றமும் முதலமைச்சரும் பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டியிருந்தது. சோழர்களுக்கும் விஜயநகரத்தாருக்கும் கிட்டாத பாக்கியம்.

ஆகவே இன்று முதல் சந்தேகமான கலத்தில் பெயரை எழுதாதீர்கள். ‘இல்லை’ என்றும் எழுதாதீர்கள். அதை ஒருவன் எதிர்த்து வழக்காடலாம். புள்ளி வையுங்கள். எத்தனை என்று கணக்கில்லை, மூன்று வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும்.

கம்ப்யூட்டர் வந்ததே, இனி நம் கலை என்னாகும் என்று கலங்காதீர்கள். பதிவேட்டை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள், புள்ளி உட்பட. மனுதாரர் வந்தால் திரையை அவர் பக்கம் திருப்ப வேண்டாம். சர்வர் டவுன் என்று சொல்லி, பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் கொண்டு வரச் சொல்லுங்கள். நகல் கொடுக்கும் மேஜையும் உங்களுடையதுதான். மதியம் சாப்பிட்ட பிறகு அங்கே போய் உட்காருங்கள்.